படிவத்தில் இல்லாத பால்

குழந்தைகளின் மலத்தைப் பற்றி எழுதப் போகிறேன். சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வரலாம். நான் காத்திருக்கிறேன். காத்திருப்பதுதான் என் உத்தியோகத்தில் பாதி.

போன மாதம், நான் வேலை பார்த்த கிருஷ்ணகிரி ஆய்வு அலுவலகத்துக்கு ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தேன். புதிதாக ஒரு குழாய் வந்திருக்கிறது என்று காட்டினார்கள். உள்ளே ஏதோ மருந்துத் தண்ணீர். குழந்தையின் மலத்தில் ஒரு சிட்டிகை எடுத்து அதில் போட்டுக் குலுக்கினால் போதுமாம், நாள்கணக்கில் மேசைமேல் கிடக்கலாமாம். ஐஸ் வேண்டாம், ஓட்டம் வேண்டாம். தாயே எடுத்துக் கூரியரில் அனுப்பிவிடலாம். அங்கிருந்த பெண்கள், "கஸ்தூரிக்கா, நீங்க ஐஸ் பெட்டியத் தூக்கிக்கினு தளி பஸ்ல தொங்குன கதையெல்லாம் எழுதி வைங்க. இல்லன்னா எங்களுக்கப்புறம் வர்றவங்க நம்ப மாட்டாங்க" என்றார்கள்.

ஓட்டம் மிச்சமானதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. என் முழங்கால் இரண்டும் அந்தக் குழாயைக் கும்பிடுகின்றன. ஆனால் நான் வீடு வீடாகப் போகாமல் இருந்திருந்தால் எங்கள் ஆய்வுக்குத் தெரியாமலே போயிருக்கக்கூடிய ஒன்று உண்டு. அதனால்தான் என் பெயரும் பிழைத்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் காவேரிப்பட்டினத்துக்காரி. நர்ஸ் உதவியாளர் படிப்பு, பிறகு ஒரு தனியார் மருத்துவமனைப் பிரசவ வார்டில் பல வருடங்கள். வெந்நீர், துணி, அழுகை, இனிப்பு. இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஐம்பது வயது தாண்டியபோது குழந்தைகளின் ஆஸ்துமா பற்றி ஓர் ஆய்வு தொடங்குகிறது, வீட்டுக்குப் போய்ப் பேசத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்றார்கள். எனக்குப் பேசத் தெரியும். தமிழ் போக, தெலுங்கும் கன்னடமும் சண்டை போடும் அளவுக்கு வரும். சேர்ந்துவிட்டேன்.

ஆய்வு இதுதான். பிறக்கும்போது குழந்தையின் குடலில் கிருமிகள் அனேகமாக இருப்பதில்லை. முதல் சில மாதங்களில்தான் தாயிடமிருந்தும் பாலிலிருந்தும் வீட்டிலிருந்தும் மாடு கன்றிலிருந்தும் ஒவ்வொன்றாக வந்து குடியேறுகின்றன. கிருமி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை நல்லவை. எதை எதிர்க்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று குழந்தையின் உடம்புக்கு அவைதான் பழக்கிக் கொடுக்கின்றன என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். அந்தப் பழக்கம் சரியாக அமையாத பிள்ளைக்குப் பிற்பாடு தூசி பட்டாலும் குளிர் பட்டாலும் மூச்சுக் குழாய் சுருங்கி இழுப்பு வருகிறதோ என்பது சந்தேகம். அதைப் பார்க்கத்தான் பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை குழந்தைகளைப் பின்தொடர்ந்தோம். ஒரு பக்கம் தளி மலைப் பக்கத்து மாட்டுக் கொட்டகை வீடுகள், இன்னொரு பக்கம் ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகள். இரண்டும் ஒரே பஸ் தூரத்தில் இருக்கிற இடம் வேறு எங்கே கிடைக்கும்?

எங்கள் தலைமை டாக்டர் நிர்மலா. ஒல்லியான உருவம், கையில் எப்போதும் ஒரு பென்சில். படிவத்தில் பேனாவால் திருத்தினால் பழைய எழுத்து தெரிய வேண்டும், அடித்துக் கிறுக்கக் கூடாது என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் வெறும் கஸ்தூரி. கோபம் வந்தால் 'கஸ்தூரி மேடம்'. அந்த 'மேடம்' என் காதில் விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. திட்டுகிறவர்களிடம் திருப்பித் திட்டிவிடலாம், மரியாதை கொடுப்பவர்களை என்ன செய்வது?

வேலை முறையை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முந்தின நாள் தாய்க்குப் போன் செய்து, அவள் வீட்டில் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். போனதும் கை கழுவி, கையுறை போட்டு, குழந்தைக்கு நாம் கொண்டுபோன சுத்தமான துணியைக் கட்டிவிட்டு உட்கார வேண்டும். குழந்தை எப்போது மனது வைக்கிறதோ அப்போது. சில பிள்ளைகள் நம்மைப் பார்த்ததுமே உபசரித்துவிடும். சில மூன்று மணி நேரம் சிரித்துக்கொண்டே கிடக்கும். துணியைத் தொட்ட பகுதியை விட்டுவிட்டு மேலாக, டப்பா மூடியோடு வரும் சின்னக் கரண்டியால் எடுத்து இரண்டு டப்பாவில் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். நேரத்தை நிமிடத்தோடு எழுத வேண்டும். பிறகு ஐஸ் பெட்டி. நான்கு மணி நேரத்துக்குள் கிருஷ்ணகிரி ஃப்ரீஸருக்கு வந்து சேர வேண்டும். கடைசியாக முக்கியமான விதி ஒன்று. தாயிடம் கெஞ்சக் கூடாது, பயமுறுத்தக் கூடாது. அவள் சொல்ல விரும்பாததைப் பிடுங்கக் கூடாது.

தளி பஸ்ஸில் பெட்டியைப் பார்த்து, "என்னக்கா, ஐஸ்கிரீமா? ஒண்ணு குடேன்" என்று கேட்காத கண்டக்டர் கிடையாது. ஒரு நாள் வாய் சும்மா இராமல் உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து அந்த வண்டியில் எனக்கு ஒரு சீட் முழுதாகக் கிடைத்தது.

தொடக்கத்தில் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். பிரசவ வார்டு பழக்கம் விடவில்லை. ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று வாயைத் திறந்தாலே எனக்குப் பாடம் வரும். ஒரு வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தைக்குப் பாலாடையில் கழுதைப்பால் புகட்டியிருந்தார்கள். இழுப்பு வராது, காமாலை வராது என்று நம்பிக்கை. நான் அந்தப் பெண்ணைக் காய்ச்சி எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் கழுதைப்பால் என்ற பேச்சே இல்லை. எல்லாப் படிவத்திலும் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. நான் திருத்திவிட்டேன் என்று பெருமையாக டாக்டரிடம் சொன்னேன்.

ஒரு காலைப் பொழுதில் தளி பஸ் நிறுத்தத்தில் கழுதையோடு நின்ற பால்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னைக்கு எந்த வூட்டுக்குப் போறீங்கம்மா?" என்றார். சொன்னேன். "அது நேத்தே ஆச்சு. அதுக்கு அடுத்த வூடு நாளைக்கி. நீங்க போற வூடெல்லாம் நம்ம வூடுதான். ஆனா நீங்க வந்தா மட்டும் என்னைத் தெரியாதும்பாங்க" என்றார். எங்கள் ஆய்வின் பட்டியலைவிட அந்தக் கழுதையின் பட்டியல் துல்லியமாக இருந்தது. பிறந்த குழந்தைக்குக் கழுதைப்பால் நல்லதல்ல என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் திட்டியதால் கிடைத்தது பொய் மட்டும்தான். டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் பென்சிலை எடுத்துப் படிவத்தின் பால் பட்டியலில் 'கழுதைப்பால்' என்று சேர்த்தார். பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால், பவுடர் பால், கழுதைப்பால். இனி உலகத்தில் விட்டுப்போன பால் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

இனி என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஓசூரில் ஒரு லைன் வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் இரண்டு தாய்மார். செல்வி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவள். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் முதல் ஷிப்ட், காலை ஆறு முதல் இரண்டு. பிரசவமாகி மூன்றாம் மாதமே வேலைக்குப் போய்விட்டாள். அவள் கணவர் முருகேசன் இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். மூத்த பெண்ணுக்கு இழுப்பு, இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கூடம் போக மாட்டாள். இரண்டாவது கவின். பக்கத்து அறை மஞ்சுளா தளிப் பெண், வீட்டில் கன்னடம். மூன்று மணிக்கு மேல் ரோஜாத் தோட்டத்துப் பேக்கிங் ஷெட்டுக்குப் போவாள். அவள் மகள் ஸ்ருதி, கவினைவிட ஒன்பது நாள் மூத்தவள். இரண்டு பேரும் எங்கள் ஆய்வில் இருந்தார்கள். செல்வியின் வார விடுமுறை நாளில் போன் செய்துவிட்டுப் போய் இரண்டு குழந்தைகளிடமும் ஒரே நடையில் எடுத்து வருவேன்.

கவினுக்குப் பிறந்த இரண்டாம் மாதத்தில் சளி, காய்ச்சல். யாரோ ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சரியானது, திரும்ப வந்தது, திரும்பக் கொடுத்தார்கள். அக்காளுக்கு இழுப்பு, தம்பிக்கு இத்தனை மருந்து. எங்கள் ஆய்வுக்கு அவன் முக்கியமான பிள்ளை. ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியைக் கொல்லும்போது நல்லதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். நாலாம் மாதம் எடுத்த மலத்தில் அவன் குடல் வெறிச்சோடிக் கிடக்கும் என்றுதான் மாதிரிகளைச் சோதிக்கும் பெங்களூர் ஆய்வகத்தில் எதிர்பார்த்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை டாக்டர் கூப்பிட்டார்.

"கஸ்தூரி மேடம், உட்காருங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். மேசையில் இரண்டு தாள். பட்டை பட்டையாக நிறங்கள், ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு நிறம். இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தன.

"இது கவினோடது. இது ஸ்ருதியோடது. கவினோடதுல நல்ல கிருமி நிறைஞ்சிருக்கு. ஸ்ருதியோடதுல என்ன இருக்கோ அதேதான். ரெண்டும் ஒரே குழந்தையோடதா இருக்கும்னு பெங்களூர்ல நினைக்கிறாங்க. நீங்க எழுதின நேரத்துல இருபது நிமிஷம்தான் வித்தியாசம்."

ஆய்வகத்துத் தலைவர் போனில் இருந்தார். ஸ்பீக்கரில் பேசினார். "களப்பணியில இதெல்லாம் நடக்கிறதுதான் மேடம். பாவம், வெயில், அலைச்சல், குழந்தை சீக்கிரம் போகல, கையில இருக்கிறத ரெண்டு டப்பாவில போட்டிருப்பாங்க. அவங்களைத் தப்பா சொல்லல. ஆனா அவங்க எடுத்த எதையும் இனி நம்ப முடியாதே."

திருடி என்று சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டேன். அந்தப் 'பாவம்'தான் என்னை அறைந்தது. அவர் சொன்னதன் அர்த்தம் அடுத்த நிமிடம் புரிந்தது. நான் இரண்டு வருடமாகச் சேர்த்த டப்பாக்கள் அத்தனையும் ஃப்ரீஸரின் அடித்தட்டுக்குப் போயின. பெட்டிகள் மேல் சிவப்பு டேப். முடிவு தெரியும் வரை நான் யார் வீட்டிலும் மாதிரி எடுக்கக் கூடாது. பொய் என்று முடிவானால் என் குழந்தைகள் எல்லாரையும் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள். அத்தனை தாய்களும் உட்கார்ந்து பதில் சொன்னது, அத்தனை பிள்ளைகளும் மனது வைத்தது எல்லாம் குப்பைக்கு. என் வேலை போவது அதற்கு அப்புறம்.

"நான் பண்ணல மேடம்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. தாளில் இருப்பதைத்தான் அவர் நம்புவார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம், அன்றைக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஓசூர் பஸ் ஏறினேன். மாதிரி எடுக்கத்தான் தடை, மனிதர்களைப் பார்க்கத் தடை இல்லையே. கோபத்தில் போன் செய்ய மறந்துவிட்டேன். அத்தனை வருடத்தில் சொல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தது அன்றுதான். மணி பதினொன்று இருக்கும். செல்வியின் அறை பூட்டியிருந்தது. மஞ்சுளாவின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. "மஞ்சுளா" என்று கூப்பிட்டுக்கொண்டே தள்ளினேன்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்ருதி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மஞ்சுளாவின் மடியில் கவின் கிடந்து, கண்ணை மூடி, பால் குடித்துக்கொண்டிருந்தான்.

மஞ்சுளா தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். கவின் மட்டும் அவன் வேலையைப் பார்த்தான்.

"போன் பண்ணவேயில்லியேக்கா" என்றாள் மஞ்சுளா.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"அவ வேலைக்குப் போன நாள்லருந்து. பாட்டில்ல குடுத்தா துப்பிட்றான்க்கா. கத்தி கத்தி மூஞ்செல்லாம் செவந்துடுது. எனக்கும் ஒருத்தி குடிச்சது போக மீந்து, பால் கட்டிக்கினு வலிக்குது. என்னா பண்றது சொல்லுங்க. நான் மூணு மணிக்கு ஷெட்டுக்குப் போனா செல்வி இவளுக்குக் குடுக்கறா."

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலியேக்கா. மாட்டுப்பால் குடுத்தியா, பவுடர் குடுத்தியான்னீங்க. கழுதப்பால்கூட கேட்டீங்க. இத எங்க கேட்டீங்க?"

எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். பல வருடம் படித்தவர்கள் உட்கார்ந்து தயாரித்த படிவம். கழுதைக்கு இடம் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரிக்கு இல்லை. நாங்கள் போன் செய்து, தாய் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனதால் தாய் இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மஞ்சுளா சிரிக்கவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. செல்வி வூட்டுக்காரருக்குத் தெரியாது. அவங்க ஊர்ல வேற சாதி சனம் பால் குடுத்துச்சுன்னா ஒத்துக்க மாட்டாங்களாம். எங்க வூட்லயும் அதே கததான். தெரிஞ்சா வூட்டக் காலி பண்ணிடுவாங்க. அப்புறம் இதுங்கள யாரு பாப்பா? அவ எப்படி வேலைக்குப் போவா?"

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே வார்த்தையை நானே பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் அறையில் நின்றேன்.

"காரணம் தெரிஞ்சுபோச்சு மேடம்."

"என்ன?"

"சொல்ல மாட்டேன். அந்தம்மாங்க சொல்லச் சம்மதிக்கல. நீங்க போட்ட விதிதான். ஆனா ஒண்ணு. நீங்களே வாங்க. உங்க கையால எடுங்க. அப்பவும் ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா நான் தப்பு பண்ணலன்னு ஒத்துக்கணும்."

பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். "மாறியிருந்தா?"

"வேலைய விட்டுட்டுப் போயிடறேன்."

"ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு வர்றேன், கஸ்தூரி" என்றார். 'மேடம்' இல்லை. அதுவே எனக்கு அப்போது போதுமாக இருந்தது.

ஞாயிறு அன்று டாக்டர் செல்வியின் பத்துக்குப் பத்து அறையில் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி வேண்டாம் என்றுவிட்டார். என்னை வாசலோடு நிற்கச் சொன்னார், எதையும் தொடக் கூடாது. அவரே கையுறை போட்டார், அவரே துணி கட்டினார். ஸ்ருதி அரை மணி நேரத்தில் உபசரித்துவிட்டாள். கவின் பிடிவாதம் பிடித்தான். ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு ஆனது. டாக்டர் அசையவில்லை. முருகேசன் வாசலில் வண்டிக்கு செயின் இறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கால் மரத்துப்போனது. பத்தே காலுக்குக் கவின் மனது வைத்தான். டாக்டர் எடுத்து, எண் எழுதி, நேரம் எழுதி, பெட்டியில் வைத்தார்.

செல்வி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூர்மையான பெண். "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கவா?" என்றாள். "எப்பவும் அக்காதான வருவாக. இன்னைக்கு நீங்க வந்துருக்கீக, அக்காவை வெளிய நிறுத்திட்டீக. நான் கம்பெனில தரம் பாக்குற செக்சன்ல இருக்கேன். ஒரு பீசுல சந்தேகம்னா அந்த லாட்டு மொத்தத்துக்கும் செவப்பு டேப்ப ஒட்டி ஓரமா வச்சுருவாக. அக்கா கொண்டுவந்ததெல்லாம் அப்படி வச்சுருக்கீகளோ?"

டாக்டருக்குப் பொய் வராது. "ஆமாம்மா" என்றார்.

"எங்க ரெண்டு பிள்ளைகளாலயா?"

"அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதும்மா. நீங்களும் எதுவும் சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

நான் வாசலிலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மஞ்சுளா அவள் கதவில் நின்றபடி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். செல்வி ஒரு முறை கணவரின் முதுகைப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எம்மவன் பகல்ல மஞ்சுளாகிட்டதான் பால் குடிக்கிறான். அவ மக எங்கிட்ட குடிக்கிறா. மூணு மாசமாச்சு. எழுதிக்கங்க. அக்கா ஒரு தப்பும் பண்ணல."

முருகேசன் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செல்வி நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சுளா ஓடி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பொருட்டு அந்தக் குடும்பம் உடையப் போகிறதே என்ற நினைப்புதான் எனக்கு ஓடியது. பிழைத்தோம் என்ற சந்தோஷம் அன்று எனக்கு ஒரு நிமிடம்கூட வரவில்லை.

டாக்டர் அவர்கள் இரண்டு பேரிடமும் மெதுவாகப் பேசினார். சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கி, இரண்டு பேரின் பாலிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் குருபரப்பள்ளியில் ஒரு டீக்கடை. அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி டீ வாங்கி என் கையில் கொடுத்தார். "உங்களுக்குத் தெரிஞ்சே இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டை யாரும் வாங்கியதில்லை.

முடிவு வரப் பல வாரம் ஆனது. வந்தபோது இரண்டு தாளும் மறுபடி ஒன்றுபோலவே இருந்தன. டாக்டரே தன் கையால் எடுத்தவை. குழந்தைகள் இரண்டு பேர்தான் என்பதையும் ஆய்வகமே தனியாகச் சரிபார்த்துவிட்டது. அதே நல்ல கிருமிகள் சில இரண்டு தாய்களின் பாலிலும் இருந்தன. மருந்து வாரிக்கொண்டு போனதை அந்தப் பால் கவினுக்குத் திரும்பக் கொடுத்ததா, ஒரே பாயில் புரண்டதில் ஸ்ருதியிடமிருந்து ஒட்டிக்கொண்டதா, இரண்டுமா? இதுவரை யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. எனக்கு ஒரு பதில் உண்டு, ஆனால் என் பதிலை எழுதப் படிவத்தில் இடம் கிடையாது.

பெங்களூர் ஆய்வகத் தலைவர் நேரில் வந்தார். நல்ல மனிதர்தான். கை கூப்பி, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார். "பாவம்னு சொன்னீங்களே, அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கங்க சார், மத்ததெல்லாம் பரவால்ல" என்றேன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். டாக்டர் ஃப்ரீஸர் அறையைத் திறந்து என் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தார். அடித்தட்டிலிருந்து என் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிவப்பு டேப்பை வெட்டினேன். குளிரில் விரல் மரத்தது, நிறுத்தவில்லை. கடைசிப் பெட்டியின் டேப்பைச் சுருட்டி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் வீட்டில் இருக்கிறது.

படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி வந்தது. 'தாயைத் தவிர வேறு யாராவது குழந்தைக்குப் பால் கொடுத்தார்களா?' அதைக் கேட்கும்போது குரல் எப்படி இருக்க வேண்டும், முகம் எப்படி இருக்க வேண்டும் என்று மற்றப் பெண்களுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணி கொடுத்திருந்தாள், எதிர்வீட்டுக்காரி கொடுத்திருந்தாள், ஒரு லைனில் மூன்று பேர் முறை வைத்துக் கொடுத்திருந்தார்கள். எத்தனை பேர் என்று எழுதினால் டாக்டர் கோபித்துக்கொள்வார், எனக்கு மறுபடியும் 'மேடம்' பட்டம் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு 'ஆம்' வந்தபோதும் அலுவலகத்தில் நான் தலையை நிமிர்த்தி நடந்தேன். அடக்கமாக இருந்தேன் என்று சொன்னால் பொய்.

முருகேசன் வீட்டை மாற்றவில்லை. ஆனால் நான் போகும் நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. செல்வியும் அதைப் பற்றிப் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். அந்த வீட்டில் என்ன நடந்தது, எத்தனை நாள் பேசாமல் இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐந்து வயதில் கடைசிச் சோதனை. குழந்தை ஒரு குழாயை வாயில் வைத்து ஊத வேண்டும். நன்றாக ஊதினால் கம்ப்யூட்டர் திரையில் மெழுகுவத்திகள் வரிசையாக அணையும். அந்த வருடம்தான் எனக்கு ஓய்வு. கவினையும் ஸ்ருதியையும் பார்க்காமல் போவதில்லை என்று இருந்தேன். செல்விக்கும் மஞ்சுளாவுக்கும் லீவு கிடைக்கவில்லை, மஞ்சுளா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் மட்டும் வந்தது. முருகேசன் வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்து இறங்கினார்.

ஸ்ருதி ஊதினாள், நான்கு அணைந்தன. "நான் எல்லாத்தையும் அணைப்பேன்" என்று கவின் குழாயைப் பிடுங்கினான். அவன் அக்கா இன்றும் இன்ஹேலர் வைத்திருக்கிறாள். இவனுக்கு ஒரு தடவைகூட இழுப்பு வந்ததில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினான், திரை இருட்டாகும் வரை ஊதினான். நான் டாக்டரைப் பார்த்தேன். "ஒரு குழந்தையை வைச்சு எதுவும் சொல்லக் கூடாது கஸ்தூரி" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. என் சந்தோஷத்துக்கு அந்த அறையே போதவில்லை.

வெளியே மேசையில் உடன் வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் படிவத்தை நீட்டினாள். கவினுக்கு எதிரே முருகேசன் 'அப்பா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த தாளை வைத்து, "இந்தப் பாப்பாவுக்கு நீங்க என்ன உறவுங்க? பக்கத்து வீடுன்னு போட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

முருகேசன் பேனாவைக் கீழே வைத்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எம் பொஞ்சாதிகிட்ட பால் குடிச்ச பிள்ளைதானக்கா. வேற என்னத்த எழுத? இதுக்கும் அப்பான்னே எழுதிக்கங்க."

அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். அவள் கையிலிருந்து தாளை வாங்கி நானே எழுதினேன்.